நகருலாவும் நிழற்படமும்

விடுமுறை நாளொன்றில் உற்றாரும் நண்பரும் ஒன்றுகூடி நகரைச் சுற்றிப் பார்க்கப் புறப்படும்போது, கட்டுச்சோறும் குடையும் போலவே கமராவும் உடன் செல்கின்றது. தனிக் கமரா இல்லையாயினும் ஒவ்வொருவர் கையிலும் உள்ள தொலைபேசியே கமராவாகிவிடுகின்றது. மாலையில் வீடு திரும்பும்போது நூறு, இருநூறு படங்கள் சேர்ந்திருக்கும். ஆயின் ஆண்டுகள் சில கழிந்தபின் அவற்றுள் எத்தனை எஞ்சியிருக்கும்? எஞ்சியவற்றைக் கண்டு, இவர் இன்னார், இவ்விடம் இன்னது என்று கூற வல்லவர் எத்தனை பேர் இருப்பர்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதாயின், பொழுதுபோக்காகப் படம் பிடிக்கும் வழக்கம் எவ்வாறு தோன்றியது, நல்ல படம் அமைவதற்கு வேண்டுவன யாவை, அமைந்த படத்தைக் காப்பது எவ்வாறு என்பவற்றை முறையே நோக்குதல் வேண்டும்.

நிழற்படக் கலை பிறந்த ஆண்டு 1839 எனக் கொள்வது வழக்கம். பிரான்சு நாட்டவராகிய டாகரின் முறை அவ்வாண்டிலேயே உலகறிய வெளியிடப்பட்டது. எனினும் அது உலாச் செல்வோர் கைக்கொள்ளத்தக்க கலையாக நெடுங்காலம் இருந்ததில்லை. 1851ஆம் ஆண்டில் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் வெளியிட்ட ஈரத்தகட்டு முறையில், கண்ணாடித் தகட்டின்மேல் மருந்தைப் பூசி, அது உலருமுன் படம் பிடித்து, உடனேயே அதனைக் கழுவியெடுக்கவும் வேண்டியிருந்தது. ஆகவே வெளியிடஞ் சென்று படம் பிடிக்க விரும்பியவர் இருட்கூடாரம், மருந்துப் புட்டிகள், கண்ணாடித் தகடுகள், தண்ணீர் ஆகிய அனைத்தையும் சுமந்து செல்ல நேர்ந்தது. 1871இல் மடொக்ஸ் என்னும் மருத்துவர் உலர்தகட்டு முறைக்கு வழிகாட்டிய பின்னரே இருட்கூடாரத்தின் சுமை நீங்கலாயிற்று.

பொதுமக்கள் கையிற் கமராவை வைத்தவர் அமெரிக்கராகிய ஜோர்ஜ் ஈஸ்ட்மன் ஆவர். 1888இல் அவர் விற்பனைக்கு விட்ட கொடாக் கமராவினுள் நூறு படங்களுக்குரிய சுருள் ஒன்று முன்னரே இடப்பட்டிருந்தது. நூறு படங்களும் முடிந்ததும் கமராவையே தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டால், படங்களும் புதிய சுருளிட்ட கமராவும் திரும்பி வந்தன. 1900ஆம் ஆண்டில் அதே நிறுவனம் ஒரு டொலர் விலையில் பிரவுனி என்னும் பெட்டிக் கமராவை வெளியிட்டது. அது சிறுவர்களையும் கருதிச் செய்யப்பட்டது. 1925இல் ஜெர்மனியிலிருந்து வந்த லைக்கா, சட்டைப் பைக்குள் அடங்கத்தக்கதாய் இருந்தது. பின்னர் 1975இல் கொடாக் நிறுவனத்துப் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் சுருளே இல்லாத மின்னணுக் கமரா ஒன்றை அமைத்தார். அது ஒரு படத்தைப் பதிவதற்கு 23 வினாடிகளை எடுத்துக்கொண்டது. பத்தாயிரம் புள்ளிகளாலான படத்தையே அது தந்தது. இன்றைய கைத்தொலைபேசிகள் கண்ணிமைக்கும் பொழுதில் கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளைப் பதிகின்றன.

இவ்வளர்ச்சியால் நன்மை பெரிது. ஆயினும் ஒன்று குறைந்ததும் உண்டு. பழைய பெட்டிக் கமராவிற் பயன்பட்ட 120 இலக்கச் சுருளில் எட்டுப் படங்களோ பன்னிரண்டு படங்களோதாம் பிடிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் பணம் செலவாகும். ஆகவே விசையை அழுத்துமுன், யாரை எங்கே நிறுத்துவது, வெயில் எப்பக்கம் உள்ளது, பின்னால் நிற்பது யாது என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் தானாகவே வளர்ந்தது. சுருளின் சிக்கனம் கற்பித்த அப்பழக்கத்தை இன்று படம் பிடிப்போர் தாமாகவே தேடிக்கொள்ளல் வேண்டும்.

இலங்கைக்கு இக்கலையோடு நெருங்கிய தொடர்புண்டு. கல்கத்தாவில் 1815இல் பிறந்த ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் தமது நாற்பத்தெட்டாம் வயதில், மகளும் மருமகனும் பரிசாக அளித்த கமராவைக் கொண்டு படம் பிடிக்கத் தொடங்கினார். குடும்பத்தினர், வீட்டுப் பணியாளர், வந்துசென்ற நண்பர் ஆகியோரே அவர் படங்களில் இடம்பெற்றவர்கள். அவ்வாறு தொடங்கிய அவர் உலகின் தலைசிறந்த நிழற்படக் கலைஞருள் ஒருவராக மதிக்கப்படுகின்றார். 1875இல் கணவருடன் இலங்கைக்கு வந்து, களுத்துறையிலும் மலைநாட்டிலும் வாழ்ந்து, 1879இல் இம்மண்ணிலேயே மறைந்தார். பொகவந்தலாவையில் உள்ள தேவாலயத்தில் அவரும் கணவரும் அடக்கஞ் செய்யப்பட்டுள்ளனர். இங்கு அவர் பிடித்த படங்களிற் சிலவே எஞ்சியுள்ளன. அவற்றுள் களுத்துறைக் குடியானவர் சிலரைக் காட்டும் படம் புகழ் பெற்றது. அம்முகங்கள் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. அவர்களுடைய பெயர்கள் படத்துடன் வந்து சேரவில்லை.

கொழும்பிற் பிறந்த லயனல் வென்ட் மற்றொருவர். 1900 முதல் 1944 வரை வாழ்ந்த அவர் சட்டம் பயின்றவர். பியானோ இசைப்பதில் வல்லவர். நாற்பத்து மூன்றாம் ஆண்டுக் குழு என வழங்கும் ஓவியர் குழாம் உருவாவதற்குத் துணை நின்றவர். அவர் மறைந்தபின் அவருடைய படங்களின் மூலச்சுருள்கள் அழிக்கப்பட்டன. எனினும் அவர் வாழ்ந்த காலத்தில் தாளிற் பதித்துப் பிறர் கைக்குப் போய்ச்சேர்ந்த படங்கள் இருந்தமையால் அவர் கலை பிழைத்தது. 1950இல் அவர் படங்கள் நூல் வடிவம் பெற்றன. 1953இல் அவர் பெயரால் கலையரங்கமும் கொழும்பில் எழுந்தது. பெயர் இல்லாது போன முகங்களும், மூலம் அழிந்தும் பிழைத்த படங்களும் பின்னர் கூறப்படுவனவற்றிற்கு அடிப்படையாவன. ஆதலின் இவ்விரண்டையும் நினைவிற் கொள்ளுதல் நன்று.

இனி, கொழும்பு மாநகரில் ஒரு நாள் உலாச் செல்லும் குடும்பமொன்றை எண்ணிக்கொள்ளலாம். வெள்ளவத்தையில் வாழும் தாய், தந்தை, பிள்ளைகள் இருவர், மூத்தவனுடைய பள்ளித் தோழன், யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும் அம்மம்மா ஆகிய அறுவர் அக்குடும்பத்தவர். இவர்கள் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது கதிரவனின் போக்கு. கொழும்பு நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ ஏழு பாகையில் உள்ளது. ஆகவே ஆண்டு முழுவதும் ஞாயிறு காலை ஆறு மணியை அண்டி எழுந்து, மாலை ஆறு மணியை அண்டி மறைகின்றது. மேலை நாடுகளிற் போல அந்தியொளி நெடுநேரம் நீடிப்பதில்லை. எழுந்த ஞாயிறு விரைவில் உச்சியை நோக்கி ஏறுகின்றது. சித்திரைப் புத்தாண்டை அண்டிய நாட்களில் நண்பகலில் ஏறக்குறைய நேர் உச்சியிலேயே நிற்கின்றது. உச்சி வெயிலிற் பிடித்த முகத்தில் கண்குழிகள் இருண்டும் நெற்றியும் மூக்கும் வெளிறியும் தோன்றுவதற்குக் காரணம் இதுவே. காலை ஒன்பது மணிக்கு முன்னரும் மாலை நான்கு மணிக்குப் பின்னரும் ஒளி பக்கவாட்டில் வந்து முகத்தின் வடிவையும் கட்டிடத்தின் செதுக்கு வேலையையும் எடுத்துக்காட்டும்.

ஆதலால் காலைப் பொழுதைப் புறக்கோட்டைக்கும் கோட்டைக்கும் ஒதுக்குதல் தக்கது. புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் 1909இற் கட்டி முடிக்கப்பட்ட சிவப்புப் பள்ளிவாசல், செந்நிறமும் வெண்ணிறமும் மாறிமாறி வரும் வரிகளால் சிறுவர் மனத்தை உடனே கவரும். அண்மையிலுள்ள செட்டியார் தெருவில் நகைக்கடைகளின் நடுவே கதிரேசன் கோயில்கள் உள்ளன. ஆடிவேல் விழாவின்போது தேர் புறப்படும் தெருவும் அதுவே. கொச்சிக்கடையிலுள்ள பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைச் சேர். பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கி அமைத்தார். அக்கருங்கற் றூண்களின் சிற்பங்கள் சாய்ந்த ஒளியிலேயே செவ்வனே புலப்படும். ஆயின் கருவறையை நோக்கிக் கமராவைத் திருப்புதல் தகாது. படம் பிடித்தல் கூடாதென்று எழுதியிருக்கும் இடத்தில் அதனைப் பையினுள் வைத்துவிடுதலே பண்பு. விகாரைகளிற் புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் பிடிப்பித்துக்கொள்வதும் அவமதிப்பாகக் கருதப்படும். காவலரண்களையும் பாதுகாப்பு நிலையங்களையும் படம் பிடித்தல் விலக்கத்தக்கது.

நண்பகலின் கடும் வெயிலில் நூதனசாலைக்குச் செல்லலாம். ஆளுநர் கிரெகரியின் முயற்சியால் 1877ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அவ்வெண்ணிற மாளிகையின் உள்ளே காட்சிப் பொருட்களும் வெளியே பெருமரங்களின் நிழலும் உள்ளன. சுதந்திர சதுக்கத்து மண்டபமும் அவ்வேளைக்கு உகந்ததே. கண்டி அரண்மனையின் மகுல் மடுவையை ஒத்து அமைந்த அம்மண்டபத்தின் தூண்வரிசையிடையே பரவி வரும் மென்னிழல், முதியோர் முகத்தைப் படம் பிடிக்கச் சாலச் சிறந்தது.

இங்கே ஒளியின் கணக்கைச் சிறிது விளக்குதல் வேண்டும். முகிலற்ற வெயிலில் எஃப் 16 என்னும் சிறு ஒளித்துளையை வைத்துக்கொண்டால், 100 என்னும் வேகமுடைய சுருளுக்கு ஒரு வினாடியின் நூறில் ஒரு பங்கு நேரம் போதுமென்பது பழைய படப்பிடிப்பாளர் மனத்தில் வைத்திருந்த வாய்பாடு. வேகம் 400 ஆயின் நானூறில் ஒரு பங்கு போதும். திறந்த நிழலில் அதனிலும் ஏறக்குறைய எட்டு மடங்கு ஒளி வேண்டும். இன்றைய கருவி இக்கணக்கைத் தானே செய்துகொள்கின்றது. ஆயினும் எதிரே உள்ள காட்சியில் எது முதன்மையானது என்பதை அது எப்போதும் அறிவதில்லை. ஒளிமிகுந்த வானத்தின் முன் அம்மம்மாவை நிறுத்தினால், வானத்தின் ஒளியைக் கருதிக் கருவி படத்தை இருட்டாக்கிவிடும். மேகம் அழகாகவும் அம்மம்மா நிழலுருவாகவும் தோன்றுவர். தொலைபேசித் திரையில் அவர் முகத்தின்மேல் விரலை வைத்தால், அம்முகத்திற்கேற்ப ஒளியைக் கருவி திருத்திக்கொள்ளும். மர நிழலின் ஓரத்திற்கு அவரை அழைத்து வருதல் இன்னும் எளிய வழி.

குழுப்படத்தில் நேரும் பிழைகள் வேறு. அகன்ற காட்சியைப் பிடிக்கும் தொலைபேசி வில்லை ஓரங்களிலுள்ள முகங்களை அகலமாக்கிக் காட்டும். ஆகவே முதியவரை நடுவில் இருத்தி, படம் பிடிப்பவர் சில அடி பின்வாங்குதல் நலம். தலைக்குப் பின்னால் விளக்குக் கம்பம் முளைத்தது போலத் தோன்றுகின்றதா என்று பார்த்து ஓரடி விலகினாற் போதும். சிறுவரைப் பிடிக்குங்கால் முழங்காலிட்டு அவர்தம் கண்மட்டத்திற்கு இறங்குதல் வேண்டும். எல்லாரும் நிமிர்ந்து நின்று விறைப்பாகப் பார்க்கும் படம் ஒன்று போதும். அதன்பின் அவர்கள் தளர்ந்து சிரிக்கும் நொடியிற் பிடிப்பதே பிற்காலத்தில் விரும்பிப் பார்க்கப்படும்.

மாலையில் உலா காலிமுகத்திடலில் முடிவது இயல்பு. ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் காலத்தில் 1859இல் அங்கு நடைபாதை அமைந்து முடிந்தது. கொழும்புப் பெண்களினதும் சிறுவர்களினதும் நலங்கருதி அதனைப் பேணுமாறு பின்வரும் ஆளுநரை வேண்டும் கல்லும் நாட்டப்பட்டது. திடல் மேற்கு நோக்கியதாதலின் கடலின்மேல் ஞாயிறு மறைவதை அங்கிருந்து காணலாம். பட்டம் விடும் பிள்ளைகளும், கச்சான் விற்போரும், இறால் வடை வண்டிகளும் அங்கே நிறைந்திருப்பர். வடை விற்பவரின் முகம் நல்லதொரு படமாகத் தோன்றலாம். ஆயினும் அவர் உழைத்துக்கொண்டிருப்பவர். ஒரு சொற் கேட்டு, அவர் இசைந்தபின் பிடிப்பதே முறை. கேட்டபின் பிடிக்கும் படத்தில் அவர் விறைத்துவிடுவார் என்று சிலர் கூறுவர். சற்று நேரம் நின்று வடையும் வாங்கி உரையாடினால் அவ்விறைப்பு தானே அகலும்.

பொழுதுபோக்காகப் பிடித்த படம் தன்னை அறியாமலே வரலாற்றுச் சான்றாகிவிடுவதை இத்திடலிலும் அதனை அடுத்த கோட்டையிலும் காணலாம். கோட்டையின் நடுத்தெருவில் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரம் 1857இற் கட்டப்பட்டது. 1867இல் அதன் உச்சியில் விளக்கேற்றப்பட்டு அது வெளிச்சவீடுமாயிற்று. சூழ எழுந்த கட்டிடங்கள் ஒளியைக் கடலுக்கு மறைத்தமையால் 1952இல் அவ்விளக்கு ஓய்வு பெற்றது. அவ்வாறே, காலிமுகத்திடலில் நின்று வடமேற்கே நோக்கிப் பிடித்த 2014ஆம் ஆண்டுக்கு முந்திய படங்களில் வெறுங்கடலே தெரியும். அவ்வாண்டிலே தொடங்கிய துறைமுக நகர் வேலையால் 269 ஹெக்டேர் நிலம் கடலிலிருந்து மீட்கப்பட்டது. 2019இன் பின் அதே இடத்தில் நின்று பிடித்த படங்களில் கடல் இருந்த இடத்தே நிலம் காணப்படும். பிள்ளை பட்டம் விடுவதைப் பிடித்த தந்தை கடற்கரையின் மாற்றத்தைப் பதியவேண்டும் என்று எண்ணியிருக்கமாட்டார். ஆயினும் பிள்ளைக்குப் பின்னால் அதுவும் பதிந்துள்ளது. ஆகவே படத்தின் பின்னணியை முற்றாக வெட்டிவிடாது, இடத்தை உணர்த்தும் ஒரு கட்டிடத்தையேனும் கரையோரத்தையேனும் சேர்த்துக்கொள்ளுதல் நன்று.

இப்போது உலாவிலிருந்து வீட்டிற்குத் திரும்பலாம். அம்மம்மாவின் கதை போன்ற கதைகள் வடக்கிலும் கிழக்கிலும் பல இல்லங்களில் உண்டு. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது, கையில் எடுக்கக்கூடியவற்றையே எடுத்துச் சென்றனர். சுவரில் மாட்டியிருந்த திருமணப் படமும், பெட்டியிலிருந்த குடும்பப் படத்தொகுப்பும் வீட்டிலேயே நின்றுவிட்டன. திரும்பியபோது சிலருக்கு வீடு இருந்தது, படங்கள் இல்லை. சிலருக்கு வீடும் இல்லை. 2004 டிசம்பர் 26ஆந் தேதி ஆழிப்பேரலை எழுந்தபோது, கரையோரத்து ஊர்களில் மறைந்த பிள்ளையின் முகத்தைக் காட்டும் ஒரு படமேனும் இல்லாது நின்ற பெற்றோர் இருந்தனர். 2011இல் ஜப்பானில் அத்தகைய பேரலை தாக்கியபின், தொண்டர்கள் சேற்றிலிருந்து இலட்சக்கணக்கான குடும்பப் படங்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றாகக் கழுவி உலர்த்தி, உரியவரிடம் சேர்க்க முயன்றனர். வீடிழந்தவர்கள் அவற்றைத் தேடி வந்தமையே ஒரு படத்தின் பெறுமதியை உணர்த்தப் போதும்.

இழந்தவர் சிலருக்கு இழந்த முகம் திரும்பியதும் உண்டு. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது. அம்மம்மா இளமையில் கணவருடனும் கணவரின் நண்பர் குடும்பத்துடனும் கொழும்பு பார்க்க வந்து, காலிமுகத்திடலில் நின்று படமொன்று பிடித்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். தம் வீட்டுப் பிரதி அழிந்தது. நண்பர் வீட்டிற்கு அனுப்பிய பிரதி மட்டக்களப்பில் ஒரு பெட்டியில் இருந்தது. பல்லாண்டின் பின் அந்நண்பரின் மகள் அப்பெட்டியைத் திறந்து, படத்தின் பின்புறத்தைத் திருப்பினாள். அதில் நான்கு பெயர்களும் ஊரும் ஆண்டும் மையினால் எழுதப்பட்டிருந்தமையால், அது யாரிடம் சேரவேண்டியது என்பதை அவள் அறிந்தாள். எழுத்து இல்லையாயின் அது அறியாத இருவர் நிற்கும் படமாக மீண்டும் பெட்டிக்குட் சென்றிருக்கும். களுத்துறைக் குடியானவரின் முகங்கள் உலகப் புகழ் பெற்றும் பெயரின்றி நிற்பதையும், வென்டின் படங்கள் மூலம் அழிந்தும் பிரதிகளால் வாழ்வதையும் இதனோடு ஒப்பு நோக்கலாம்.

மின்னணுப் படத்திற்கும் இவ்விதியே பொருந்தும். நெருப்பும் நீரும் இல்லாமலே அது அழியக்கூடும். தொலைபேசி கடலில் விழுந்தாலும், கடவுச்சொல் மறந்தாலும் ஆயிரம் படங்கள் ஒருங்கே மறையும். அறிந்தோர் கூறும் நடைமுறை எளியது: மூன்று பிரதிகள், அவை இருவேறு வகைக் கருவிகளில் இருத்தல், அவற்றுள் ஒன்றேனும் வேறோர் இடத்தில் இருத்தல். உலா முடிந்த இரவிலேயே இருநூறு படங்களையும் பார்த்து, சிறந்த பன்னிரண்டைத் தெரிந்து, ஏனையவற்றுள் மங்கலானவற்றை நீக்கிவிடலாம். பன்னிரண்டு என்பது பழைய சுருளின் அளவு. அப்பன்னிரண்டையும் உலாவில் உடன் வந்த ஒவ்வொரு வீட்டாருக்கும் அனுப்பிவிடல் வேண்டும். அவற்றுள் இரண்டொன்றையேனும் தாளிற் பதிப்பித்து, பின்புறத்தில் மென்மையான பென்சிலால் பெயர், இடம், திகதி ஆகிய மூன்றையும் எழுதுதல் வேண்டும். அழுத்தி எழுதினால் எழுத்து முன்புறத்திற் புடைத்துத் தோன்றும். ஒட்டுத்தாள் காலப்போக்கிற் படத்தைக் கறைப்படுத்தும். முதியோர் உடனிருக்கும்போதே பழைய படங்களையும் எடுத்துவந்து, யார் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுதல் ஒரு நாளேனும் தள்ளிப்போடத்தக்க பணியன்று.

இறுதியாக ஒரு குறையைச் சுட்டுதல் வேண்டும். குடும்பப் படங்களில் ஒருவர் எப்போதும் இருப்பதில்லை. படத்தைப் பிடித்தவரே அவர். பல வீடுகளில் தந்தையே கமராவை வைத்திருந்தமையால் அவர் உருவம் தொகுப்பில் அரிதாகவே காணப்படும். இக்காலத்திற் பல வீடுகளில் தாய் அவ்விடத்தைப் பெற்றுள்ளாள். ஆண்டுகள் கழிந்து பிள்ளைகள் அத்தொகுப்பைப் புரட்டும்போது, அந்நாளில் அம்மா வந்திருக்கவில்லைப் போலும் என்று எண்ணவும் கூடும். ஆகவே ஞாயிறு மறையுமுன் ஒருமுறையேனும் கமராவைக் கை மாற்றுதல் வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் கொடுத்தாற் படம் சற்றுச் சரிந்திருக்கும். கடலின் விளிம்பு மேடும் பள்ளமுமாகத் தோன்றும். அதனால் குற்றமில்லை. அம்மம்மாவின் தோளிற் கைவைத்தபடி தாயும் அப்படத்தில் நிற்பாள்.